ஐயர் வராத ஞாயிறுகள்: ஆராதனை நடத்தும் பொறுப்பு உங்களுக்கு வந்தால்

தென்னிந்தியத் திருச்சபையின் கிராமச் சேகரங்களில் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளின் தொகுப்பு) ஞாயிறு காலை எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். குருவானவர் ஒருவர், அவரை எதிர்பார்க்கும் கிளைச் சபைகள் பல. திருவிருந்து ஆராதனைக்கு அவர் ஊர் ஊராக முறைவைத்துத்தான் வரமுடியும். மற்ற ஞாயிறுகளில் சபை ஊழியர் ஆராதனையை நடத்துகிறார். அவரும் இல்லாத இடத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர், பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலர், படிப்பை முடித்து ஊரில் இருக்கும் இளைஞர் என்று யாராவது ஒருவர் நிற்கிறார். பெரும்பாலும் சனிக்கிழமை மாலைதான் அவருக்குச் சொல்லப்படுகிறது: "நாளைக்கு ஐயர் வரல. ஆராதனைய நீங்க நடத்தி, செய்தியும் குடுத்திருங்க." அவருக்குக் கிடைக்கும் வழிகாட்டுதல் அவ்வளவுதான்.

இப்படிப் பொறுப்பு வந்ததும் சிலர் பதறிப்போகிறார்கள். பீடத்துக்கு முன்னால் நிற்கத் தமக்கு என்ன தகுதி என்று இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள். வேறு சிலர், சில மாதங்கள் போனதும், தம்மையே சபையின் குருவானவராக எண்ணத் தொடங்குகிறார்கள். இருவருக்கும் நேர்ந்தது ஒன்றுதான்: தம் பணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்கும், அவர்களை அனுப்பும் குருவானவர்களுக்கும், சேகரக் கமிட்டியாருக்கும்.

முதலில் பதற்றத்தைப் பற்றி. குருப்பட்டம் பெறாத சபையார் ஆராதனை நடத்துவது ஆங்கிலிக்கன் மரபில் ஏதோ அவசரத்துக்குச் செய்துகொண்ட ஏற்பாடு என்று நினைக்கவேண்டாம். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சித் தொடக்கத்தில் குருமார் போதாமல் போனபோது 'வாசகர்' (வேதபாடங்களையும் ஜெபங்களையும் வாசித்து ஆராதனை நடத்த அனுமதி பெற்றவர்) என்ற பொறுப்பு ஏற்பட்டது. பின்னர் வழக்கொழிந்த அந்தப் பொறுப்பை 1866-இல் அங்குள்ள பேராயர்கள் மீண்டும் நிறுவினார்கள். 1969 முதல் பெண்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். இன்று அங்கே முறையான பயிற்சிக்குப் பிறகு, பேராயரின் கையொப்பமிட்ட உரிமக் கடிதத்தோடு அவர்கள் பணிசெய்கிறார்கள்.

நம் பக்கத்து வரலாறு இன்னும் நெருக்கமானது. தரங்கம்பாடி லுத்தரன் மிஷன் 1716-லேயே உபதேசியார்களை (குருப்பட்டம் பெறாமல் ஊர்களில் வேதம் போதித்த ஊழியர்களை) பயிற்றுவிக்கப் பள்ளி தொடங்கியது. 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோன் அதற்குமுன் உபதேசியாராக ஊர் ஊராக நடந்தவர். சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சாவூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு அனுப்பிய சத்தியநாதனும் உபதேசியார்தான்; அவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது 1790-இல். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர் ஊர்தோறும் உபதேசியார்களை அமர்த்தினார். அவர்களைத் திரும்பத் திரும்ப வரவழைத்துப் பாடம் சொன்னார், நடந்ததைக் கேட்டார், திருத்தினார். வெள்ளாளன்விளையில் பிறந்து 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா, தோர்ணக்கல்லில் தம் கிராமச் சபைகளைப் பெரும்பாலும் கிராம ஆசிரியர்களைக்கொண்டே நடத்தினார். பகலில் பள்ளி, மாலையில் ஜெபம், அதே மனிதர். நெல்லைச் சீமையில் இன்று கோபுரத்தோடு நிற்கும் ஆலயங்கள் பலவற்றில் முதல் ஜெபத்தை ஏறெடுத்தவர் ஓர் உபதேசியாராகத்தான் இருப்பார்.

அந்த ஏற்பாட்டை நிலைக்கவைத்தது எது என்று பார்த்தால் இன்றைய குறையின் காரணம் விளங்கும். அன்றைய உபதேசியாருக்குப் படிப்பு அதிகம் இல்லை. ஆனால் அவரைக் கேட்க ஒருவர் இருந்தார். எந்த வீட்டுக்குப் போனாய், எந்தப் பகுதியைச் சொன்னாய், யார் என்ன கேட்டார்கள் என்ற கேள்விகளுக்கு உபதேசியார் பதில்சொல்லவேண்டியிருந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. திருமண்டல அளவில் பயிற்சி முகாம்கள் நடக்கின்றன. நல்ல ஆசிரியர்கள் வருகிறார்கள். முடிவில் சான்றிதழும் தருகிறார்கள். ஆனால் முகாம் முடிந்து ஊருக்குத் திரும்பியவர் ஆறு மாதம் கழித்து எப்படிப் பிரசங்கிக்கிறார் என்று பார்க்க ஆளில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மூன்று நாள் முகாமுக்குப் போவதைவிட, மாதத்தில் ஒரு மணி நேரம் குருவானவர் உங்களோடு உட்கார்ந்து பேசினால் நீங்கள் அதிகம் வளர்வீர்கள். பயிற்சி பற்றி என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். எந்தப் படிப்பில் சேரலாம் என்பது அடுத்த கேள்வி.

இந்தக் கவனிப்பு இல்லாதபோது சில அறிகுறிகள் தெரியும். இவற்றை உங்களிடமே நேர்மையாகத் தேடிப் பாருங்கள்.

எந்த வேதபாகத்தை எடுத்தாலும் உங்கள் பேச்சு அதே நான்கைந்து வசனங்களுக்கு வந்து சேர்கிறது. பதினைந்து நிமிடமாக இருந்த செய்தி நாற்பது நிமிடமாகிவிட்டது. ஜெபத்தில் அடுத்த வீட்டுச் சண்டையோ ஒருவர் உங்களிடம் தனியாகச் சொன்ன நோயோ வெளியே வந்துவிடுகிறது. ஒருவர்மேல் உள்ள கோபம் பிரசங்க பீடத்திலிருந்து பெயர் சொல்லாமல் வெளிப்படுகிறது. கேட்பவர் எல்லாருக்கும் அது யாரென்று தெரிகிறது. காணிக்கைப் பையை நீங்கள் ஒருவரே எண்ணுகிறீர்கள். 'ஐயர் வந்தால் நன்றாயிருக்காது, நீங்களே நடத்துங்கள்' என்று சிலர் சொல்லும்போது அது உங்களுக்கு இனிக்கிறது. இன்னொரு பக்கம், வெள்ளிக்கிழமை முதலே தூக்கம் கெடுகிறது, வீட்டாரிடம் எரிந்துவிழுகிறீர்கள், சொந்தமாக ஜெபிக்கவே முடியவில்லை. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தால் உங்கள் அழைப்பு பொய் என்று முடிவுகட்டவேண்டாம். தனியாக விடப்பட்ட எவருக்கும் இவை வரும். ஆனால் அப்படியே விட்டால் ஓரிரு ஆண்டுகளில் சபை இரண்டாகப் பிரியும், அல்லது நீங்கள் மனம் சலித்து விலகிப்போவீர்கள்.

இனிச் செய்யவேண்டியவை. முதலாவது, ஒரு கடிதம். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முப்பத்தொன்பது கோட்பாடுகளில் இருபத்துமூன்றாவது, முறைப்படி அழைக்கப்பட்டு அனுப்பப்படாமல் எவரும் சபையில் பொதுப்பிரசங்கம் செய்யும் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாகாது என்கிறது. இதைச் சிலர் கதவை அடைக்கும் விதியாகப் படிக்கிறார்கள். உண்மையில் பணிசெய்பவருக்கு அது பாதுகாப்பு. குருவானவரிடமும் சேகரக் கமிட்டியிடமும் எழுத்தில் கேளுங்கள்: எந்தச் சபையில், எந்தப் பணிகளுக்கு, எத்தனை காலத்துக்கு, யாருடைய மேற்பார்வையில். ஓராண்டு என்று தொடங்குவது நல்லது; ஆண்டு முடிவில் இரு தரப்பும் பேசிப் புதுப்பிக்கலாம், வருத்தமில்லாமல் விடவும் செய்யலாம். திருமண்டல விதிப்படி பேராயரின் அனுமதி வேண்டியிருந்தால் அதைப் பெற்றுத் தருவது குருவானவரின் கடமை. போக்குவரத்துச் செலவைச் சேகரம் ஏற்கவேண்டும் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கூலிவேலைக்குப் போகும் ஒருவர் பக்கத்து ஊர்ச் சபைக்குத் தன் கைக்காசில் பேருந்து ஏறிப் போவதைச் சபையார் ஊழியவைராக்கியம் என்று பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளக் கூடாது.

அந்தக் கடிதத்தில் நீங்கள் செய்யக்கூடாதவையும் இருக்கவேண்டும். திருவிருந்தில் அப்பத்தையும் ரசத்தையும் ஆசீர்வதித்து நடத்துவது பேராயருக்கும் குருவானவருக்கும் மட்டுமே உரியது; இதில் தென்னிந்தியத் திருச்சபையின் சட்டம் தெளிவாக இருக்கிறது. பாவ அறிக்கைக்குப் பிறகு 'உங்கள் பாவங்களை' என்று மன்னிப்பைக் கூறுவதும், முடிவில் 'உங்களோடு' என்று ஆசீர்வாதம் சொல்வதும் ஆங்கிலிக்கன் வழக்கில் குருவானவரின் பணிகள். நீங்கள் நடத்தும்போது 'எங்கள் பாவங்களை மன்னியும்' என்ற ஜெபமாகவும், எல்லாரும் சேர்ந்து சொல்லும் கிருபையின் வாழ்த்தாகவும் (2 கொரிந்தியர் 13:14) அவற்றை மாற்றிக்கொள்ளுங்கள். அப்படி மாற்றுவதால் ஆராதனையில் எதுவும் குறைந்துபோவதில்லை.

ஞானஸ்நானம் பற்றி ஒன்று. பிறந்த குழந்தை உயிருக்குப் போராடும் நிலையில், குருவானவர் வந்துசேர நேரமில்லையென்றால், நீங்கள் தண்ணீர் ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கலாம். அது முழுமையான ஞானஸ்நானம். அன்றே குருவானவருக்குச் சொல்லிப் பதிவேட்டில் எழுதச்செய்யுங்கள். குழந்தை பிழைத்தால் சபைக்குமுன் கொண்டுவந்து ஏற்றுக்கொள்வார்கள். மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. குழந்தை ஞானஸ்நானம் பெறாமல் இறந்துவிட்டது என்று ஒரு தாய் அழுதால், அது தண்டனைக்குரிய குறை என்று எவரும் அவளிடம் பேச விடாதீர்கள்.

அடுத்து, படிப்படியாகப் போகும் முறை. முதல் மூன்று மாதம் வேதபாடம் வாசிப்பது மட்டும் போதும். இதைச் சின்ன வேலை என்று நினைப்பவர்கள் பலர். பழைய திருப்புதலின் தமிழில் வாக்கியங்கள் நீளமானவை. 'என்றான்' எங்கே வருகிறது, யார் யாரிடம் சொன்னது என்பது முதல் வாசிப்பில் பிடிபடாது. எபேசியர் முதல் அதிகாரம் 3 முதல் 14 வரையான வசனங்கள் கிரேக்க மூலத்தில் ஒரே வாக்கியம். மூச்சு எங்கே விடுவது என்று முன்பே பென்சிலால் குறித்துக்கொள்ளாதவர் அதைச் சபைக்குப் புரியும்படி வாசிக்க முடியாது. ஆண்டின் ஞாயிறுகளுக்கான பாட அட்டவணை முன்னதாகவே கிடைக்கிறது. திங்கட்கிழமையே பகுதியை எடுங்கள். வாய்விட்டு ஐந்து முறை வாசியுங்கள். நேபுகாத்நேச்சார், அர்தசஷ்டா போன்ற பெயர்களைத் தனியே சொல்லிப் பழகுங்கள். சனிக்கிழமை ஆலயத்தில் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள். ஒலிபெருக்கி இருந்தால் அதற்கு எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை அன்றே பார்த்துவிடுங்கள். நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசித்தபோது, கேட்டவர்களுக்கு விளங்கும்படி தெளிவாக வாசிக்கப்பட்டது என்பதை எழுதியவர் தனியே குறிப்பிடுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒருவருக்கு அந்த வாரம் கிடைக்கும் வேதம் உங்கள் குரல்வழிதான் கிடைக்கிறது.

அடுத்த மூன்று மாதம் பரிந்துபேசும் ஜெபம் (சபைக்காகவும் உலகத்துக்காகவும் ஏறெடுப்பது). இதை எழுதிக்கொள்ளுங்கள். எழுதிவைத்து ஜெபிப்பது ஆவியில்லாத ஜெபம் என்று சிலர் சொல்வார்கள். நம் ஆராதனைப் புத்தகம் முழுவதும் எழுதப்பட்ட ஜெபங்களே என்பதை அவர்களுக்கு மென்மையாக நினைவூட்டலாம். திருச்சபை, நாடும் ஆள்வோரும், ஊரின் தேவை, நோயுற்றோர், துக்கத்திலிருப்போர் என்ற வரிசை போதும். நோயுற்றவரின் பெயரைச் சொல்ல அவருடைய சம்மதம் வேண்டும். என்ன நோய் என்று சொல்லவே வேண்டாம்.

பிரசங்கம் அதற்குப் பிறகு. அதிலும் முதல் சில முறை, குருவானவர் எழுதித் தந்த செய்தியை வாசியுங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. 1547-இல் இங்கிலாந்துத் திருச்சபை அருளுரைகளை எழுதித் தொகுத்து வெளியிட்டது. சொந்தமாகப் பிரசங்கிக்க அனுமதி இல்லாத குருமார்களே அவற்றைத்தான் வாசித்தார்கள். நன்றாக எழுதப்பட்ட ஒரு செய்தியைப் பத்துமுறை வாய்விட்டு வாசிக்கும்போது, எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்பது உங்கள் காதுக்குப் பழகிவிடுகிறது.

சொந்தச் செய்தியை எப்படித் தயாரிப்பது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மாற்கு இரண்டாம் அதிகாரம், நான்குபேர் சுமந்துவந்த திமிர்வாதக்காரனின் பகுதி உங்களுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடனே மனம் போகும் வழி தெரிந்ததே: நால்வரின் நான்கு குணங்கள், ஒவ்வொன்றுக்கும் எதுகைமோனையோடு ஒரு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை. அந்த வழியை விட்டுவிடுங்கள். பகுதியை மெதுவாக மூன்றுமுறை வாசித்து, உங்களுக்குப் புரியாததைக் குறித்துக்கொள்ளுங்கள். இயேசு நோயாளியின் விசுவாசத்தைக் கண்டு என்று சொல்லாமல், 'அவர்கள்' விசுவாசத்தைக் கண்டு என்று ஏன் எழுதியிருக்கிறது? படுக்கையில் கிடப்பவனிடம் முதலில் பாவமன்னிப்பை ஏன் பேசுகிறார்? வேதபாரகர் எதைக் கண்டு கலங்குகிறார்கள்? பிறகு குருவானவரிடமிருந்து ஒரு விளக்கவுரை நூலை வாங்கிப் பாருங்கள். அந்த நாட்டு வீடுகளின் கூரை, மரச்சட்டங்களின்மேல் கிளைகளைப் பரப்பி மண் பூசியது என்று தெரிந்ததும், கூரையைத் திறந்தது எவ்வளவு வேலை, கீழே எவ்வளவு மண் கொட்டியிருக்கும் என்பது புரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்தப் பகுதியைப் பிரசங்கிக்கும்போது, நோய் பாவத்தால் வருகிறது என்று சொல்லிவிடுவது மிக எளிது. முன் வரிசையில் பக்கவாதத்தோடு சக்கர நாற்காலியில் ஒருவர் இருப்பார். பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் மனுஷகுமாரனுக்கு உண்டு என்பதைக் காட்டவே அங்கே இயேசு அப்படிப் பேசுகிறார். இந்த மனிதனின் நோய்க்கு இன்ன பாவம் காரணம் என்று மாற்கு எங்கும் சொல்லவில்லை. யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக்குருடன் பற்றிச் சீஷர்கள் அதே கேள்வியைக் கேட்டபோது இயேசு நேராகவே மறுக்கிறார். இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்துப் படித்தவர் அந்த நோயாளியின் மனத்தை உடைக்கமாட்டார். பிரசங்கத்துக்கு முன்னால் குருவானவரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதுபோன்ற இடங்களுக்காகத்தான். மொழியின் குறை மன்னிக்கப்படும். இப்படி ஒரு வாக்கியம் ஒருவரைப் பல ஆண்டுகள் ஆலயத்துக்கு வராமல் செய்துவிடும்.

கேள்விகளுக்கு விடை தேடியபின், நீங்கள் சொல்லப்போவதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். எடுத்துக்காட்டாக: 'தானாக வரமுடியாத ஒருவனை மற்றவர்களின் விசுவாசம் இயேசுவிடம் கொண்டுவந்து சேர்க்கிறது.' அந்த வாக்கியத்துக்கு உதவாத எதையும் சேர்க்காதீர்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் போதும். வியாழக்கிழமைக்குள் எழுதி முடித்து, வெள்ளிக்கிழமை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் கவனத்தை இழக்கிறார் என்பதை அவர் முகமே காட்டும்.

நோயாளிகளைச் சந்திப்பதும் பயிற்சி வேண்டும் பணியே. முதல் சில முறை குருவானவரோடு போய்ப் பேசாமல் பாருங்கள். மருத்துவமனையில் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்கவேண்டாம். வரலாமா, ஜெபிக்கலாமா என்று நோயாளியிடமே கேளுங்கள். சுற்றியிருக்கும் உறவினரிடம் மட்டும் கேட்டு முடிவுசெய்யாதீர்கள். சங்கீதம் 23 அல்லது 121, ஒரு சிறு ஜெபம், அவ்வளவு போதும். 'ஏன் எனக்கு இப்படி?' என்று கேட்டால் விளக்கம் சொல்ல முயலவேண்டாம். அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். மருந்தை நிறுத்துங்கள், அறுவைசிகிச்சை வேண்டாம், சுகம் நிச்சயம் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், ரகசியமாக வைத்திருங்கள் என்று அவர் கேட்டாலும் அந்த ரகசியத்தைக் காக்கவேண்டாம். அவரைத் தனியே விடாமல், குடும்பத்தில் நம்பிக்கையான ஒருவருக்கும் குருவானவருக்கும் தெரிவியுங்கள். அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அவரோடு இருந்தே அழையுங்கள்.

ஓய்வுநாள் பள்ளியிலும் வாலிபர் கூட்டங்களிலும் பணிசெய்வோர் சட்டத்தை அறிந்திருக்கவேண்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டம் (போக்சோ), அப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறையிடம் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது, மறைப்பது தண்டனைக்குரியது. சபையின் பெயர் கெடும், கமிட்டியில் பேசித் தீர்க்கலாம் என்று எவர் சொன்னாலும் கேட்கவேண்டாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளைகளோடு பூட்டிய அறையில் தனியே இருக்காதீர்கள். எப்போதும் பெரியவர் இருவர் இருக்கட்டும். காணிக்கைக்கும் இதே ஒழுங்குதான்: இருவர் எண்ணி, இருவரும் பதிவேட்டில் கையெழுத்திடவேண்டும்.

குறுக்குவழிகள் பல உங்களைத் தேடிவரும். வேதத்தைக் கண்ணைமூடித் திறந்து விரல்பட்ட வசனத்தை அன்றைய செய்தியாக எடுப்பது அவற்றில் பழையது. வாக்குத்தத்த அட்டையைக் குலுக்கி எடுத்து அதில் பிரசங்கிப்பதும் அதன் இன்னொரு வடிவமே. யூடியூபில் புகழ்பெற்ற ஒருவரின் செய்தியைச் சொல்லுக்குச் சொல் ஒப்பிப்பது இப்போது பரவலாகியிருக்கிறது. அந்தப் பிரசங்கியார் அறியாத உங்கள் ஊரின் துக்கத்துக்கு அதில் இடமிருக்காது. என்ன பேசுவது என்று ஆவியானவரே வாயில் தருவார், தயாரிப்பு அவிசுவாசம் என்பார்கள் சிலர். மாற்கு 13-லும் மத்தேயு 10-லும் அந்த வாக்குறுதி, விசாரணைக்கு இழுத்துச்செல்லப்படும் சீஷருக்குக் கொடுக்கப்பட்டது. ஆறு நாள் அவகாசம் இருந்தும் வேதத்தைத் திறக்காதவருக்கு அதில் சலுகை எதுவும் இல்லை. பணம் கட்டினால் சில வாரங்களில் 'டாக்டர்' பட்டமோ 'ரெவரெண்ட்' பட்டமோ தருகிறோம் என்று வருபவர்களிடம் பேச்சை வளர்க்காதீர்கள். உங்கள் பேராயர் ஏற்காத பட்டம் உங்கள் சபையில் எதற்கும் உதவாது.

முறையாகப் படிக்க விரும்பினால் நல்ல வழிகள் இருக்கின்றன. வேலையையும் வீட்டையும் விடாமல் படிக்கும் விரிவாக்க இறையியல் கல்வி (வீட்டில் பாடநூலைப் படித்து, வாரந்தோறும் குழுவாகக் கூடி விவாதிப்பது) 1963-இல் கவுதமாலாவில் தொடங்கி, 1971 முதல் பெங்களூரை மையமாகக்கொண்டு நம் நாட்டிலும் நடக்கிறது. செராம்பூர் கல்லூரியின் செனட், கல்லூரியில் தங்கிப் படிக்க இயலாத சபையாருக்கென்று பட்டயப் படிப்பும் பட்டப்படிப்பும் நடத்துகிறது. மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியிடமும் உங்களுக்கு ஏற்ற படிப்பு பற்றிக் கேட்கலாம். எதில் சேர்ந்தாலும், முதலாண்டில் மாற்கு நற்செய்தி முழுவதையும், சங்கீதங்களையும், நம் ஆராதனை முறைமையையும், அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையும் ஆழமாகப் படியுங்கள். வெளிப்படுத்தின விசேஷத்தைப் பிரசங்கிக்கும் அவசரம் வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. தென்னிந்தியத் திருச்சபை 1976 முதல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்துவருகிறது. அப்படியிருக்க, ஐக்கிய சங்க ஞாயிறு அன்று மட்டும் பெண்ணை நிறுத்திவிட்டு மற்ற நாளில் மறுப்பதற்குச் சபைச் சட்டத்தில் ஆதாரம் கிடையாது. தயங்காமல் கடிதம் கேளுங்கள். அந்தக் கோரிக்கையைக் கமிட்டியில் எடுத்துப் பேசுவது குருவானவரின் வேலை. அதை உங்கள் தலையில் போடக்கூடாது.

இப்போது குருவானவர்களுக்கு. மாதம் ஒரு மணி நேரம் என்று மேலே சொன்னேன். அதை எப்படிச் செலவிடுவது? பணிசெய்பவர் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்திருக்கட்டும்: தேதி, வேதபாகம், அந்த ஒற்றை வாக்கியம், சந்தித்த வீடுகள், கலங்கவைத்த ஒரு நிகழ்ச்சி. அதைப் பிரித்துவைத்துப் பேசுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது நீங்களே சபையில் உட்கார்ந்து அவர் பிரசங்கத்தைக் கேளுங்கள். உங்களோடு சபையிலிருந்து இருவர், அவர்களில் ஒருவர் பெண், கேட்டு மூன்று கேள்விக்கு விடை தரட்டும்: என்ன கேட்டீர்கள், எங்கே தொடர்பு விட்டது, எது இன்னும் வேண்டியிருந்தது. ஆராதனை முடிந்த கையோடு ஆலய வாசலில் இதைப் பேசாதீர்கள். செவ்வாய்க்கிழமை வரை பொறுங்கள். பிரசங்கம் செய்து இறங்கியவரின் மனம் அன்று மிகவும் மென்மையாக இருக்கும். பாராட்டும் குறையும் இரண்டுமே அளவுக்கு மீறி உள்ளே போகும். குறையைச் சொல்லும்போது ஓர் இடத்தை மட்டும் சொல்லுங்கள், அடுத்த முறைக்கு அது போதும்.

கடைசியாக, மாறுதல் வரும் காலம். குருவானவருக்கு இடமாற்றம் வந்ததும், கவனமாகக் கட்டிய ஏற்பாடு பல சேகரங்களில் சரிந்துவிடுகிறது. புதிதாக வருபவருக்கு உங்களைத் தெரியாது; சபையார் ஆளுக்கொன்று சொல்வார்கள். அனுமதிக் கடிதத்தின் ஒரு நகல் சேகர அலுவலகக் கோப்பில் இருக்கட்டும், ஒன்று உங்களிடம் இருக்கட்டும். புறப்படும் குருவானவர் உங்கள் பணி எதுவரை வந்திருக்கிறது, எதில் இன்னும் உதவி தேவை என்று ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போகவேண்டும். புதியவர் வந்த முதல் மாதத்தில் நோட்டுப்புத்தகத்தோடு நீங்களே போய்ப் பாருங்கள். பழைய ஐயர் இப்படித்தான் செய்வார் என்று பேச்சைத் தொடங்கவேண்டாம். உங்கள் கடிதத்தையும் நோட்டையும் அவர் கையில் கொடுத்து, அடுத்த ஆண்டுக்கு எதை மாற்றலாம் என்று கேளுங்கள். சில மாதங்கள் ஒதுங்கியிருக்கச் சொன்னால் ஒதுங்கியிருங்கள்; எப்போது மறுபடி பேசலாம் என்ற தேதியை மட்டும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.